மலைத் திராட்சையும் சிவப்பு ஒயினும்

கறுப்புத் திராட்சையைப் பிழிந்து பாருங்கள். பெரும்பாலான இரகங்களில் சாறு வெளிறியே இருக்கும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் உள்ளன. ஆகவே, சிவப்பு ஒயின் செய்வோர் சாற்றைத் தோலுடனேயே நொதிக்க விடுகின்றனர்.

அந்தத் தோலை மலை எவ்வாறு தடிக்கச் செய்கிறது என்பதற்கு அர்ஜென்டினா நாட்டின் மெண்டோசா மாநிலம் நல்ல உதாரணம். அங்கு ஆண்டீஸ் மலையடிவாரத்திலுள்ள ஊக்கோ பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் திராட்சை பயிராகிறது. மெண்டோசாவில் ஆண்டு மழை சுமார் 200 மி.மீ. மட்டுமே. மலைப்பனி உருகி வரும் நீரே பாசனத்துக்கு ஆதாரம். உயரத்தில் புற ஊதாக் கதிர்கள் வலுவாக விழுவதால் தோல் தடித்து நிறம் கூடுகிறது. இரவுக் குளிரால் பழத்தின் புளிப்பு அதிகம் குறைவதில்லை.

1850-களில் அறிமுகமான மால்பெக் என்னும் பிரெஞ்சு இரகமே அங்கு முதன்மையானது. அது ஆழ்ந்த நிறமும் மென்மையும் தரும். கேபர்னே சாவிஞோன் இரகம் துவர்ப்பைக் கூட்டும். இவற்றைப் பெரும்பாலும் தனித்தனியே நொதிக்கவைத்து, சுவைத்துப் பார்த்து, அளவாகக் கலப்பர். ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

ஆனால், ஆலங்கட்டி மழை சில நிமிடங்களில் ஓராண்டு உழைப்பை அழித்துவிடும். எனவே, பலரும் கொடிகளுக்கு வலை கட்டுகின்றனர். மலை நிறத்தைத் தந்தாலும், அறுவடை வரை அதைக் காப்பது உழவர் கையில்தான் உள்ளது.