பைன் மரத்தடியில் ஒரு சிவப்புக் குடை

மழைக்காலத்தில் உதகமண்டலப் பகுதியின் பைன் தோப்புகளில் ஒரு காளான் தலைகாட்டும். குங்குமச் சிவப்பில் குடை. அதன்மேல் மாவைத் தெளித்தாற்போல் வெண்ணிறத் திட்டுகள். இதன் அறிவியல் பெயர் அமனிட்டா மஸ்காரியா. ஐரோப்பாவில் முற்காலத்தில் இதைப் பாலில் ஊறவைத்து ஈக்களைக் கொன்றார்கள். அதனால் 'ஈக் காளான்' என்றும் பெயர் பெற்றது.

இது நீலகிரியின் பழங்குடி அன்று. தென்னிந்தியாவில் பைன் மரம் இயற்கையாக வளர்வதில்லை. மெக்சிகோவைச் சேர்ந்த பைனஸ் பட்டுலா போன்ற இனங்கள் இங்கே நட்டு வளர்க்கப்பட்டவை. பைனின் வேர்நுனிகளைப் பூசண இழைகள் உறைபோல் சுற்றிக்கொள்கின்றன. மண்ணிலிருந்து நீரையும் மணிச்சத்தையும் உறிஞ்சி அவை மரத்துக்குக் கொடுக்கின்றன. மரம் சர்க்கரையைக் கொடுத்து ஈடு செய்கிறது. ஈக் காளானும் பைனஸ் பட்டுலாவின் வேரும் இணைந்துள்ள அமைப்பை மோகன், நடராஜன், இங்கிள்பி ஆகிய மூவரும் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டனர்.

மரத்துக்குத் தோழன்; மனிதனுக்கு?

இக்காளானில் ஐபோடெனிக் அமிலம், மஸ்சிமால் என்னும் இரு நச்சுகள் உள்ளன. நம் மூளையில் நரம்புச் செல்களை அடக்கி வைக்கும் 'காபா' என்ற வேதிப்பொருள் உண்டு. மஸ்சிமால் அதன் சாயலில் அமைந்தது. ஆகவே, கள்ளச்சாவி பூட்டில் நுழைவதுபோல் காபாவின் இடத்தில் நுழைந்துவிடுகிறது. உண்டவருக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தலைசுற்றல், தள்ளாட்டம், பிதற்றல், பிறகு ஆழ்ந்த உறக்கம் உண்டாகும்.

வெள்ளைக் குடையை நம்பலாமா?

சிவப்புதான் ஆபத்து, வெள்ளை நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். இதே அமனிட்டா குடும்பத்தில் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ, பார்வைக்குச் சாதுவாக இருப்பவையே உயிர்க்கொல்லிகள். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தனர். அவர்களில் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

உலகெங்கும் இத்தகைய சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அமடாக்சின் என்னும் நச்சு வகை. நம் செல்கள் புரதம் செய்ய மரபணுவிலிருந்து முதலில் ஒரு நகல் எடுக்கவேண்டும். அந்த நகலெடுக்கும் நொதியையே இது முடக்குகிறது. கையிருப்புப் புரதம் தீரும்வரை செல் தாக்குப்பிடிக்கும், பின்னர் மடியும். அதனால்தான் உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேலான பிறகே வாந்தியும் பேதியும் தொடங்குகின்றன. மறுநாள் அவை நின்று, நோயாளி தேறிவிட்டதுபோல் தோன்றும். இதுவே பெரிய ஏமாற்று! உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

கொதிக்க வைத்தாலும் இந்நச்சு அழியாது. வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதும், பூச்சி தின்றதை நாமும் தின்னலாம் என்பதும் வெறும் நம்பிக்கைகளே.

நஞ்சிலிருந்து மருந்து

மெக்சிகோ மக்கள் சடங்குகளில் உண்ட ஒருவகைக் காளானிலிருந்து 1958-இல் ஆல்பர்ட் ஹாப்மன் சைலோசைபின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். இல்லாத காட்சிகளைக் காணச் செய்வது இது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் கடும் மனச்சோர்வுக்கு இதை மருந்தாக்க இயலுமா என்று மருத்துவர்கள் அளந்து கொடுத்து ஆராய்ந்து வருகிறார்கள். அமடாக்சினும் ஆய்வுக்கூடத்தில் செல்லின் நகலெடுப்பை ஆராயும் கருவியாகப் பயன்படுகிறது. காட்டில் பறித்த காளானில் எவ்வளவு நஞ்சு என்று அளப்பவர் யார்?

மாணவர்களே, தோப்பில் காணும் காளானைப் பாருங்கள், படம் வரையுங்கள், வாயில் வைக்காதீர்கள். யாரேனும் உண்டுவிட்டால் நோய்க்குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். வாந்தி நின்றுவிட்டாலும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். மீந்த காளான் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்தத் துண்டு மருத்துவருக்கு வழி காட்டும்.