துடைப்பக் கட்டையில் சுற்றிய மகஜர்

1867-ம் ஆண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில் ஸ்திரீகளின் வாக்குரிமைக்காகப் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கொண்டுவந்த திருத்தம், 196 பேர் எதிர்க்க, 73 பேர் மாத்திரமே ஆதரிக்க, தோற்றுப்போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். லண்டன் மாநகரத்தின் மேதாவிகள் கூடிச் செய்ய இயலாத காரியத்தை, பூமியின் மறுபுறத்தில் ஆடு வளர்ப்பவர்களும் தங்கம் தோண்டுபவர்களும் குடியேறி உண்டாக்கிய நியூஸிலாந்து என்னும் சிறு நாடு, இருபத்தாறு வருஷங்களுக்குப் பிறகு, உலகத்தின் சுயாட்சி நாடுகளுள் முதலாவதாகச் செய்து காட்டியது.

அந்நாட்டில் இதற்கு வித்திட்டவர் பெயரில்லாத ஒரு பெண்மணி. 1869-ல் ‘ஃபெமினா’ என்ற புனைபெயருடன், நியூஸிலாந்தின் ஆடவர்களை நோக்கி ஒரு முறையீடு சிறு பிரசுரமாக வெளிவந்தது. எழுதியவர் மேரி ஆன் முல்லர். அவருடைய கணவருக்கு இந்த மாதிரியான கொள்கைகளில் அடியோடு சம்மதமில்லை; ஆகையால் 1898 வரையில் அந்த அம்மையார் தம் பெயரை வெளியிடவே இல்லை. பிரசுரம் கப்பலேறிப் போய் மில்லின் கரத்தை அடைந்து, அவரிடமிருந்து பாராட்டுக் கடிதம் ஒன்றும் வந்து சேர்ந்தது. கணவரின் கண்ணில் படாமல் அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்தாரோ, துணிப் பெட்டிக்கு அடியில் வைத்தாரோ, சரித்திரம் சொல்லவில்லை. வீட்டிலுள்ளவரிடம் சொல்ல முடியாததை நாட்டிலுள்ளவர்களிடம் சொல்லத் துணிந்தாரே, அந்தச் சாமர்த்தியத்தை வியவாமல் இருக்க முடியவில்லை.

மறைவில் முளைத்ததை வெளியில் நட்டு வளர்த்தவர் கேட் ஷெப்பர்ட். லிவர்பூல் நகரில் பிறந்து, இருபது வயதுப் பருவத்தில் தாயுடனும் உடன்பிறந்தாருடனும் கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்து, ஒரு வியாபாரியை மணந்து அமைதியாகக் குடித்தனம் செய்துவந்தவர். 1885-ல் அமெரிக்காவிலிருந்து மேரி லெவிட் என்னும் மாது வந்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்ததன் பயனாகக் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் அங்கே தோன்றியபோது, அதில் சேர்ந்தார். வாக்குரிமைக்கும் மதுவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். வாரக் கூலியை வாங்கிக்கொண்டு நேரே மதுக்கடைக்குப் போகிற புருஷனின் மனைவியைக் கேட்டால் தெரியும். 1884-ல் தனிச் சட்டம் வரும் வரையில் மணமான பெண்ணுக்குத் தன் சம்பாத்தியம்கூடத் தனதாக இல்லாதிருந்த தேசம் அது. கடையை மூடச் சொல்லி மந்திரிகளுக்கு எழுதி எழுதிக் கை சலித்த பிறகுதான், வாக்கில்லாதவர் எழுதும் கடிதத்தை எந்த மந்திரியும் படிப்பதில்லை என்ற உண்மை அந்த மாதருக்கு விளங்கியது. 1887-ல் சங்கத்தின் வாக்குரிமை இலாகாவின் பொறுப்பு ஷெப்பர்டிடம் வந்தது.

இந்த மதுவிலக்குத் தொடர்பு இயக்கத்துக்கு ஊர்தோறும் கிளைகளைக் கொடுத்தது. கூடவே, பணமும் செல்வாக்கும் படைத்த ஒரு விரோதியையும் தேடிக் கொடுத்தது. பெண்களுக்கு வாக்கு வந்தால் தங்கள் கடைகளுக்குப் பூட்டு வரும் என்று மது வியாபாரிகள் நடுங்கினார்கள். டுனீடின் நகரத்து அங்கத்தினரான ஹென்றி ஃபிஷ் என்பவர் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆட்களை ஏவி, வாக்குரிமை வேண்டாம் என்று எதிர் மகஜர் ஒன்றைத் தயாரித்தார். கூலிக்கு வாங்கிய கையெழுத்துக்களில் பல பொய்யென்று வெளிப்பட்டு, மகஜர் நகைப்புக்கு இடமாயிற்று.

பெண்களின் மகஜர்களோ வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போயின. 1891-ல் 9,000-க்கு மேற்பட்ட கையெழுத்துக்கள். மறு வருஷம் 19,000-க்கு மேல். 1893-ல் ஏறத்தாழ 32,000, அதாவது குடியேறிய வெள்ளைக்காரப் பெண்களில் வயது வந்தோரில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. இந்தக் கடைசி மகஜர்களுள் பெரியதன் தாள்கள் 546. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 300 கஜ நீளமுள்ள ஒரே சுருளாக்கி, ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினார்கள். துடைப்பக் கட்டை என்றதும் நம்மவர்களுக்கு வேறு ஞாபகம் வரக்கூடும். அந்தப் பெண்களுக்கும் சில அங்கத்தினர்கள் விஷயத்தில் அந்த ஞாபகம் வந்திருந்தால் குற்றம் சொல்வதற்கில்லை. முன்னாள் பிரதம மந்திரி சர் ஜான் ஹால், நிலமும் ஆட்டு மந்தைகளும் உடைய பழமைவாதி, சட்டசபையின் நடுப்பாதையில் அந்தச் சுருளை உருட்டிவிட, அது விரிந்துகொண்டே சென்று எதிர்ச் சுவரில் தடாலென்று மோதி நின்றது.

பழமைவாதியான ஹால் பெண்களின் பக்கம் நிற்க, முற்போக்குக் கட்சியின் தலைவர் எதிர்ப்பக்கம் நின்றதுதான் இந்தக் கதையின் விசித்திரம். பெண்களுக்கு அனுகூலமாயிருந்த பிரதம மந்திரி பாலன்ஸ் 1893 ஏப்ரலில் காலமாகவே, அந்த ஸ்தானத்துக்கு வந்த ரிச்சர்ட் செட்டன், தங்க வயல் பிரதேசத்தில் ஒரு காலத்தில் தாமே மதுக்கடை நடத்தியவர். கீழ்ச்சபையில் பெண் வாக்குரிமை மசோதா நிறைவேறியது. மேற்சபை எப்படியும் தள்ளிவிடும் என்ற தைரியத்தில், மனத்துக்குப் பிடிக்காதவர்களும் கீழ்ச்சபையில் கை தூக்கினார்கள். மேற்சபையில் நிலைமை சந்தேகமாகத் தோன்றியதும், செட்டன் தம் கட்சி அங்கத்தினர் ஒருவருக்குத் தந்தி கொடுத்து அவருடைய வாக்கை மாற்றச் செய்தார். இந்தத் தந்திரம் அம்பலமாயிற்று. பெண் வாக்குரிமைக்கு அதுவரை விரோதிகளாயிருந்த எதிர்க்கட்சியினர் இருவர், ரேனால்ட்ஸும் ஸ்டீவன்ஸும், பிரதம மந்திரியின் தலையீட்டில் கொண்ட ஆத்திரத்தால் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டார்கள். செப்டம்பர் 8-ந் தேதி, 20-க்கு 18 என்ற கணக்கில் அது நிறைவேறியது.

இரண்டு மனிதரின் கோபத்தால் கிடைத்த உரிமை என்று இதைப் பரிகாசம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. இருவரின் கோபம் இருவரின் வாக்கைத்தான் தரும். மற்றப் பதினெட்டுப் பேரை யார் கோபமூட்டினார்கள்? தட்டான் தட்டித் தட்டி மெலிந்த தகடு கடைசித் தட்டில் வளைந்தால், கடைசித் தட்டுக்கே கூலி கொடுப்பதா?

மது வியாபாரிகள் கவர்னரிடம் போய்ச் சம்மதம் தரவேண்டாமென்று மன்றாடினார்கள். பெண்களோ தங்களை ஆதரித்த அங்கத்தினர்களுக்கு வெள்ளைக் கமீலியாப் பூக்களை அணிவித்தார்கள். செப்டம்பர் 19-ந் தேதி முற்பகல் பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கையில் கவர்னர் கிளாஸ்கோ பிரபு கையொப்பமிட்டார். அச்செய்தியை ஷெப்பர்டுக்குத் தந்தியில் அறிவித்தவர் வேறு யாருமல்ல, செட்டன். அரசாங்கத்தின் நேர்மையில் இனிச் சந்தேகம் இராதென்று நம்புவதாகவும் அதில் சேர்த்திருந்தார்! நவம்பர் 28-ல் நடந்த தேர்தலில், பதிவு செய்துகொண்ட 1,09,461 பெண்களில் 90,290 பேர் வாக்களித்தார்கள். குடிகாரர்களின் நெரிசலில் மாதர் அவமானப்படுவார்கள் என்று எச்சரிக்கப்பட்ட அந்த நாள், அதுவரை நடந்த தேர்தல்களிலெல்லாம் மிகவும் ஒழுங்காக நடந்ததென்று பெயர் வாங்கியது. ஜயித்தது செட்டனின் கட்சி.

வாக்கு வந்ததே தவிர, சபையில் ஆசனம் வரவில்லை. ஆசனத்தையும் சேர்த்துக் கேட்டவர், அதே 1893-ல், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்களுக்கென்று கூட்டியிருந்த சபையில் பேசிய மெரி தெ தாய் மங்காகாஹியா. நிலத்துக்கு உடையவர்களாய் அதை நிர்வகிக்கும் பெண்கள் எங்களில் பலர். ஆடவர் செய்துகொண்ட விண்ணப்பங்களால் பலனில்லை. விக்டோரியா ராணியும் ஒரு ஸ்திரீயாகையால் பெண்கள் சொன்னால் செவிசாய்க்கலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பார்லிமெண்டுக்குப் பெண்கள் போட்டியிடும் உரிமை 1919-ல்தான் வந்தது. 1933-ல், கிறைஸ்ட்சர்ச்சை அடுத்த லிட்டெல்டன் தொகுதியில், கணவரின் மரணத்தால் காலியான இடத்தில் நின்று எலிஸபெத் மக்கோம்ப்ஸ் முதல் பெண் அங்கத்தினரானார். கேட் ஷெப்பர்ட் அதைக் கண்டுவிட்டு, மறு வருஷம் ஜூலையில் காலமானார். முதல் மாவோரிப் பெண் அங்கத்தினராக இரியாகா ராத்தனா உள்ளே சென்றது 1949-ல். அதுவும் காலஞ்சென்ற கணவரின் ஆசனந்தான்.

(தொடரும்)