சந்நிதித் தெரு வீடு விலைக்கு வரும்போது

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், மேலே ஏறியதும் சற்று இளைப்பாறும் ஊர் சோளக்காடு. மிளகும் பலாவும் மலைவாழையும் விற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி மலை விளிம்பிலிருந்து நோக்கினால், கீழே விரிந்து கிடப்பது நாமக்கல் சீமை. அந்தச் சமவெளியில் ஒற்றைப் பாறையாய் நிமிர்ந்த நாமகிரியின் அடிவாரத்தில்தான் நரசிம்மப் பெருமாளும் நாமகிரித் தாயாரும் எழுந்தருளியிருக்கிறார்கள். பெருமாளை நோக்கியபடி, மேற்கூரை இல்லாத வெட்டவெளியில் 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். தாயாரைச் சேவித்துவிட்டு மலையேறுவோரும் உண்டு.

அந்தத் தாயாரின் திருவருளோடு பிணைந்த வீடு ஒன்று காவிரிக் கரையில், கும்பகோணத்தில் இருக்கிறது. சாரங்கபாணிப் பெருமாள் கோயிலுக்கு அருகே, சந்நிதித் தெருவில், ஓடு வேய்ந்த சிறிய வீடு. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் வளர்ந்த இல்லம் அது. பிற்காலத்தில் வேறு கைகளுக்கு மாறி, மீண்டும் விலை பேசப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. வயது முதிர்ந்த நம் வாசகர்களுள் பலர் இன்று தம் பூர்விக வீட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று மனத்துக்குள் போராடிக்கொண்டிருப்பதால், அந்த வீட்டின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ராமானுஜனின் பெற்றோருக்கு மணமாகி ஆண்டுகள் பல கடந்தும் மகப்பேறு வாய்க்கவில்லை. நாமகிரித் தாயாரிடம் வேண்டிக்கொண்ட பின்னரே 1887 டிசம்பர் 22 அன்று, தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய ஈரோட்டில் அவர் பிறந்தார் என்பது குடும்பத்தார் நம்பிக்கை. தன் மகளின் வயிற்றுப் பிள்ளையின் வாயிலாகத் தாயார் பேசுவாள் என்று அந்தப் பாட்டி சொல்லியிருந்தாராம். தந்தையார் கும்பகோணத்தில் புடைவைக் கடைக் கணக்கர்; வருவாய் சொற்பம். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். போதாக்குறைக்குக் கல்லூரி மாணவர் சிலரை வீட்டில் தங்கவைத்து உணவளித்தார்கள். அந்த மாணவர்களிடம்தான் சிறுவன் ராமானுஜன் தன் வகுப்புக்கு மிஞ்சிய கணக்குகளைக் கற்றுத் தீர்த்தான்.

திண்ணை, அதையொட்டித் தெருவைப் பார்த்த சன்னலுடன் ஒரு சிற்றறை, கூடம், அடுக்களை, பின்புறம் கிணறு. அவ்வளவுதான் வீடு. தெருவில் மற்றப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்க, இவர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுதியும் முழங்கையால் அழித்தும் பொழுதைக் கழிப்பார். வீட்டில் இடம் கொள்ளாதபோது சாரங்கபாணி கோயில் மண்டபத்தின் குளிர்ந்த கல்தளமே அவருக்குப் படிப்பறை.

1913ஆம் ஆண்டின் இறுதியில், கடல் கடந்து செல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. அக்காலத்து வைதிகக் குடும்பத்துக்கு அது எளிய கேள்வியன்று. ராமானுஜன் நாமக்கல் சென்று தாயார் சந்நிதியில் மூன்று இரவுகள் தங்கி அனுமதி வேண்டினார் என்று சொல்கிறார்கள். கோமளத்தம்மாளின் கனவிலும் தாயார் தோன்றி, மகனைத் தடுக்கவேண்டாம் எனப் பணித்தாளாம். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறியவர், ஐந்தாண்டுகளுக்குப் பின் நோயுற்ற உடலோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் திருநாடு அடைந்தார்.

கும்பகோணத்து வீட்டை 2003இல் தஞ்சைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. நகரின் நடுவில், கோயில் வாசலில் இருக்கும் மனை. இடித்துவிட்டு மாடிக்கட்டடம் எழுப்பியிருந்தால் கேட்பார் யார்? அவ்வாறு செய்யவில்லை. திண்ணையைத் திண்ணையாகவே விட்டார்கள். சன்னலோரக் கட்டிலையும் அடுக்களையையும் கிணற்றையும் காத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவ்வீட்டை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 32 வயதுக்கு மேற்படாத கணித அறிஞருக்கு அப்பல்கலைக்கழகம் 2005 முதல் ராமானுஜன் பெயரால் ஆண்டுதோறும் பரிசும் வழங்கிவருகிறது.

எல்லா வீட்டுக்கும் இந்தப் பேறு கிட்டுவதில்லை. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் புகழை நாம் இன்று படித்தறிவதற்குக் காரணமானவர் உ.வே.சாமிநாதையர். புறநானூற்றை 1894இல் அச்சேற்றியபோது அவர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். ராமானுஜனோ அதே ஊரில் சிறுபிள்ளை. பின்னர் சென்னைக்கு வந்த ஐயரவர்கள், தமக்கு அந்தக் கல்லூரிப் பணி கிடைக்கத் துணைநின்ற தியாகராச செட்டியாரின் பெயரையே திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குச் சூட்டி நன்றி பாராட்டினார். அந்தத் ‘தியாகராச விலாசம்’ 2012இல் இடிக்கப்பட்டது. சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் அரசு நினைவில்லம் அமைத்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல். எனினும், சுவடிகளோடு அவர் பல்லாண்டு போராடிய அறைகள் போனவை போனவைதாம். அதே திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த வீட்டை அரசு வாங்கிப் புதுப்பித்ததால் அது நிலைத்தது.

மேதைகள் வாழ்ந்த வீடுகளுக்குத்தான் இந்தக் கவலையெல்லாம் என எண்ண வேண்டாம். சந்நிதித் தெரு வீடு எதுவாயினும் அது கோயிலோடு சேர்ந்த உறுப்பு. பெருமாள் வீதி எழுந்தருளும்போது வாசல் தெளித்துக் கோலமிட்டு, தட்டில் தேங்காய் பழத்தோடு காத்திருக்க ஒரு குடும்பம் வேண்டும். பூட்டிய கதவுகளுக்கு நடுவே தேர் வருவதைக் கண்டவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, மாடிப்படி ஏற முடியாத முழங்காலோடு பெரிய வீட்டைக் கட்டிக் காக்க இயலாமல் விற்பதில் குற்றமேதும் இல்லை. யாருக்கு விற்கிறோம் என்பதுதான் யோசிக்கத்தக்கது. இருபது விழுக்காடு விலை கூட்டிக் கேட்டு இடிக்க வருபவரைவிட, திண்ணையில் உட்கார வருபவருக்குக் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம். கையில் பணமுடை உள்ளவர்களிடம் இதைக் கட்டாயமாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

விலை பேசுமுன் காகிதங்களைப் பார்த்துவிட வேண்டும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றோடு, மனை யாருடையது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் பல வீடுகள் கோயிலின் அடிமனையில் நிற்பவை. கட்டடம் நம்முடையது, நிலம் சுவாமியுடையது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்து 34ஆவது பிரிவின்படி, கோயில் நிலத்தை உரிய அனுமதியின்றி விற்பது செல்லாது. தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிவந்த ரசீதுகள் பழைய பெட்டிக்குள் இருக்கக்கூடும். தேடி எடுத்து, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பின்னரே முன்பணம் வாங்குங்கள்.

வாங்குவோருக்கும் ஒரு சொல். சுண்ணாம்புக் காரையால் எழுந்த சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. அந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். கோயில் திருப்பணிகளில் தேடினால் கிடைப்பார்கள். முற்றத்தைத் தகரத்தால் மூடினால் வெளிச்சமும் காற்றும் போய்விடும். பறவைகள் வராதிருக்க வேண்டுமானால் கம்பி வலை போதும். குளியலறையை உள்ளே கொண்டுவருவதையும், முதியோர் பிடித்து நடக்கக் கம்பி பொருத்துவதையும் நான் குறை சொல்லமாட்டேன். வாழ்வதற்குத்தானே வீடு.

பூஜை அறையைக் காலி செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். சாளக்கிராமத்துக்கு விலை பேசுவது நம் மரபன்று; நித்திய ஆராதனை நடக்கும் இல்லத்திலோ கோயிலிலோ கேட்டு ஒப்படைக்கலாம். துளசி மாடத்தைப் பெயர்க்க வேண்டாம். வாங்குபவர் வீட்டு அம்மாளிடம், எந்த வேளையில் நீர் வார்ப்பது வழக்கம், வீதிப் புறப்பாடு எந்தெந்த நாளில் வரும், அப்போது இந்த வாசலில் என்ன சமர்ப்பித்து வந்தோம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.