கரையிலேயே கற்றுக்கொள்வோம்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு அலையோசை கேட்பதில்லை; 1911இல் தோன்றிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைக் காணச் சென்னைக்கே செல்ல வேண்டும். எனினும், பாய்மரப் படகை நடத்தும் பயிற்சிக்குச் செல்லுமுன் ஏட்டுப் பாடத்தை இங்கேயே திருப்பிப் பார்த்துவிடலாம்.

முதலில் தொலைவு. திருப்பதியின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை 38 கலை. சித்தூருக்கு 13 பாகை 13 கலை. வேறுபாடு 25 கலை. அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். மணிக்கு 5 கடல் மைல் செல்லும் படகு இவ்வளவு தெற்கே இறங்க 5 மணி நேரமாகும்.

அடுத்து, வழிவிடும் முறை. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இரு பாய்மரப் படகுகள் நெருங்கினால், இடப்புறத்தில் காற்றைப் பெறும் படகே விலக வேண்டும். இரண்டுக்கும் காற்று ஒரே புறமாயின், காற்று வரும் பக்கத்தில் உள்ள படகு விலக வேண்டும். இரவில் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை. எதிரே படகு வரும்போது இவற்றை நினைவுகூர அவகாசமிராது. தயங்கினால் மோதல் நேரும்.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகை வலம் வந்து 2025 மே 29 அன்று திரும்பினர். அதற்கு முன்னர் அவர்கள் நெடுங்காலம் பயிற்சி பெற்றிருந்தனர்.

நாமும் நாளுக்கு ஒரு விதியைப் படித்து, இல்லத்தாரைக் கேள்வி கேட்கச் சொல்வோம். சுக்கானைப் பிடிக்கும் நாளில் நம் கவனம் முழுவதும் காற்றின் மீதிருக்கும்.