பூட்டிய அறைக்குள் இருப்பது யாது?

எமது ஊர் வீடுகளிற் பழம் பொருள்களுக்கென ஒரு பரண் இருக்கும். கால் ஒடிந்த கதிரை, ஓட்டை விழுந்த கிடாரம், பிள்ளைகளின் பழைய கொப்பிகள் யாவும் அங்கே ஏறிவிடும். பின்னர் அவற்றை எவரும் தேடுவதில்லை. இலண்டன் மாநகரில் வாழும் எம்மவர்க்கு அந்த வசதி ஏது? இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் பரணையும் மாத வாடகைக்கே எடுக்க வேண்டியிருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தலையெடுத்த இவ்வணிகத்தைச் 'செல்ப் ஸ்ரோறேஜ்' என்பார்கள். வெளியே பார்த்தால் ஒரு தொழிற்சாலை போலத் தோன்றும். உள்ளே தகரத் தடுப்புகளாற் பிரிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிற்றறைகள். பூட்டும் திறப்பும் வாடகையாளருடையவை.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எமது தங்கையின் வீட்டிற்குச் சென்றிருந்தபோது அத்தகைய களஞ்சியம் ஒன்றினுட் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. நீண்ட ஒடுங்கிய நடைபாதை. இரு மருங்கிலும் ஒரே நிறக் கதவுகள். நாம் நடக்க நடக்க விளக்குகள் தாமாக எரிந்தன; கடந்து சென்றபின் தாமாக அணைந்தன. அறையினுள் நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையிலும் வெளியே திடீரென இருண்டது. மருமகன் கையை அசைத்து ஆட்டம் ஆடினான், வெளிச்சம் வந்தது. நாமும் சிரித்தோம்.

அந்த அறையிலே தங்கையின் றங்குப்பெட்டி ஒன்று இருந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேறியபோது எமது தாயார் தலையிற் சுமந்து சென்ற பெட்டி அது. காணி உறுதிகள், தந்தையாரின் ஒரேயொரு புகைப்படம், தாயாரின் கூறைச்சேலை ஆகியன அதனுள் இருந்தன. இத்தனை தூரம் காப்பாற்றி வந்த பொருளை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாளே என்று மனத்துள் நினைத்தோம். அவளிடம் கேட்கவில்லை.

அன்று காலை எமது மைத்துனர் பழைய மேசையொன்றுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியிருந்தார். தச்சர்கள் 'லின்சீட்' என்று சொல்வது இதனையே. மேசையோடு, எண்ணெய் துடைத்த துணிகளையும் ஒரு கடதாசிப் பெட்டியிற் கசக்கித் திணித்துக் கொண்டுவந்திருந்தார். நண்பகல் கடந்திருக்கும். பெட்டிகளுக்கிடையே அந்த எண்ணெயின் மணம் வந்தது. துணிக்குவியலுக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்பாக இருந்தது.

"துணி தானே மச்சான், அதுக்கென்ன?" என்றார் மைத்துனர்.

இரசாயனவியல் கற்பிப்பதை இருபது ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட எமக்கு அவருக்கு விளக்கம் சொல்லும் பொறுமை அப்பொழுது இருக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். துணிகளைத் தரிப்பிடத்தின் சீமெந்துத் தரையிலே ஒவ்வொன்றாக விரித்துப் போட்டபின்னரே மூச்சு வந்தது.

மாணவர்களுக்காக இதனைச் சற்று விரித்துரைப்போம். நீர் உலர்வது ஆவியாகி. ஆளிவிதை எண்ணெய் அவ்வாறு உலர்வதில்லை. வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. அந்த ஒட்சியேற்றத்தின்போது வெப்பம் பிறக்கிறது. மேசைமீது மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும்போது அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கிய துணிக்குள்ளோ அது போக வழியில்லை. வெப்பம் ஏற ஏறத் தாக்கம் விரைவுறும். தாக்கம் விரைவுற வெப்பம் மேலும் ஏறும். சில மணி நேரத்திற் குவியல் தானே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டியதில்லை, ஆள் வேண்டியதில்லை. துணியைத் திறந்த வெளியிலே தனித்தனியாக விரித்து உலரவிடலாம். அல்லது நீர் நிரம்பிய தகரத்தில் அமிழ்த்தி மூடலாம்.

இது பரிசோதனைச்சாலைக் கதை அன்று. 1991ஆம் ஆண்டு மாசி 23ஆந் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'வன் மெரிடியன் பிளாசா' என்னும் 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில் வேலையாட்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் தாமே எரியத் தொடங்கின. தீ மாடிக்கு மாடி ஏறியது. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். எட்டு மாடிகளை விழுங்கிய தீ 30ஆம் மாடியில் நின்றது. அந்த மாடியிலே தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்தன; அவற்றுட் பத்துத் திறந்து கொண்டமையால் தீ அதற்கு மேல் ஏறவில்லை.

இந்த நீர்த்தெளிப்பானை 1874ஆம் ஆண்டில் நடைமுறைக்கு ஏற்றவாறு ஆக்கியவர் ஹென்றி பார்மலி என்னும் அமெரிக்கர். தமது பியானோத் தொழிற்சாலையைக் காக்கவே அதனைச் செய்தார். இன்று வழக்கிலுள்ளதிற் சிறு கண்ணாடிக் குமிழொன்று நீரை மறித்து நிற்கும். குமிழிலுள்ள திரவம் சூடேறி விரிய, பெரும்பாலும் 68 பாகை செல்சியசில், குமிழ் வெடித்து நீர் கொட்டும். தீ உள்ள இடத்துக் குமிழ் மாத்திரமே வெடிக்கும். சினிமாப் படங்களிற் காட்டுவது போலக் கட்டடம் முழுவதும் மழை பெய்வதில்லை.

எனினும், களஞ்சியங்கள் யாவற்றிலும் இவை இருப்பதில்லை. தங்கையின் வீட்டிற்கு அண்மையிலுள்ள குறொய்டன் பகுதியில் 2018ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் திகதி இரவு இத்தகைய களஞ்சியம் ஒன்று எரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடியும் ஏறத்தாழ 1200 அறைகள் அழிந்தன. அங்கே நீர்த்தெளிப்பான் இருக்கவில்லை. புதுவருடம் பிறந்தபோது எத்தனையோ குடும்பங்களின் திருமணப் படங்களும் குழந்தைகளின் முதற் சட்டைகளும் சாம்பலாகிக் கிடந்தன. காப்புறுதிப் பணம் கதிரைக்கு ஈடாகலாம், படத்திற்கு ஈடாகுமா?

இக்கட்டடங்களிலே தீ பரவுவதன் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. அறைகளைப் பிரிக்கும் தகரத் தடுப்பு பல இடங்களிற் கூரைவரை செல்வதில்லை. மேலே கம்பி வலை மாத்திரமே உண்டு. புகையும் வெப்பமும் அதனூடே தாராளமாக உலாவும். தீயணைப்போர் எந்த அறைக்குள் என்ன இருக்கிறதென்று அறியாமலே ஒவ்வொரு பூட்டையும் உடைக்க வேண்டும். பெற்றோல் நிறைந்த புல்வெட்டும் இயந்திரமா, எரிவாயுச் சிலிண்டரா, இலிதியம் பற்றரி பொருத்திய ஸ்கூட்டரா, வெறும் புத்தகங்களா? பெற்றோலின் ஆவி வளியிலும் பாரமானது. நிலத்தோடு தவழ்ந்து கதவின் கீழால் அடுத்த அறைக்குட் செல்லும். இவற்றை வைப்பதில்லை என்றுதான் ஒப்பந்தப் பத்திரத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்திடுகின்றனர். எமது மைத்துனரும் இட்டிருந்தார். வாசித்தாரா என்று கேட்டதற்கு, "ஆர் மச்சான் உதெல்லாம் வாசிக்கிறது?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அயலவரின் பூஞ்செடிக்கும் நீர் ஊற்றுபவர்.

வேறு சிலவற்றையும் சொல்லிவிடலாம். பாரமானது கீழே, இலேசானது மேலே. தூக்கும்போது முழங்காலை மடிக்க வேண்டும். முதுகை வளைப்பவர் அடுத்த நாள் வைத்தியரிடம் போவார். அறைக்குள் எந்த இயந்திரத்தையும் இயக்கலாகாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பிள்ளைகளை அங்கே ஒளித்துப் பிடித்து விளையாட விடுவது பெரும் பிழை. வெளியே பூட்டப்படும் கதவுகள் அவை. மெத்தையை ஈரத்தோடு வைத்தாற் பூஞ்சணம் பிடிக்கும்.

அன்று மாலை வெளியேறும்போது மருமகன் அடுத்த அறையின் கதவைத் தட்டிப் பார்த்தான்.

"இதுக்குள்ள என்ன மாமா இருக்கும்?"

தெரியாது என்றோம். அந்தக் கதவிலே பெரிய பித்தளைப் பூட்டொன்று தொங்கியது.

தங்கை எதுவும் பேசாமல் மீண்டும் தனது அறைக்குட் சென்றாள். திரும்பி வந்தபோது றங்குப்பெட்டியின் ஒரு பிடி அவள் கையில் இருந்தது. "மற்றப் பக்கம் பிடியுங்கோ அண்ணா" என்றாள். இப்பொழுது அப்பெட்டி அவளது கட்டிலின் கீழே இருக்கிறது. அதற்கு இடம் விட மருமகனின் கிரிக்கெட் மட்டைகள் இரண்டும் சமையலறைக்குப் போயின.