புழக்கடையில் பம்பளிமாஸ்

நெசவாளர் வீடுகளில் தறிக்கூடத்திற்குப் பின்புறம் சிறிதளவேனும் புழக்கடை இருப்பதுண்டு. முருங்கையும் வாழையும் அங்கே முன்னரே இடம் பிடித்துவிடுகின்றன. எஞ்சிய இடத்தில் வைக்கத்தக்க மரம் யாது என்று அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். மணமிக்க மலரும் பெரிய கனியும் ஒருங்கே வேண்டுவோர்க்கு நாம் பம்பளிமாஸையே கூறுவோம்.

மேல்நாட்டார் காலையுணவில் விரும்பும் கிரேப் புரூட் இதன் பிள்ளையே. கரீபியப் பகுதியிலுள்ள பார்படோஸ் தீவில், 18-ஆம் நூற்றாண்டில், பம்பளிமாஸும் சாத்துக்குடி இனமும் கலந்து அது பிறந்தது. காய்கள் திராட்சைக் குலைபோலக் கொத்தாகத் தொங்குவதால் அப்பெயர் என்பர். ஆயினும் சொறிநோய் அதனை எளிதில் பற்றும். மழையும் வெப்பமும் சேர்ந்த நம் ஊர்களுக்குத் தாயே ஏற்றது என்பது நம் கருத்து.

பம்பளிமாஸ் விதையிலிருந்து முளைக்கும் கன்று தாயின் குணத்தைக் கொண்டிருப்பதில்லை. பல்லாண்டு நீர் வார்த்த பின் கசப்பான கனி கிடைத்தால் யாரை நோவது? ஆகவே நற்கனி தரும் மரத்திலிருந்து எடுத்த விண்பதியனையோ ஒட்டுக் கன்றையோ வாங்குக. அவை விதைக் கன்றைவிடச் சில ஆண்டுகள் முந்திக் காய்க்கும். ஒட்டுக் கன்றாயின், ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பவற்றை உடனே கிள்ளிவிட வேண்டும்.

நல்ல வெயில்படும் இடத்தில், நீள அகல ஆழம் ஒவ்வொன்றும் 75 செண்டிமீட்டராகக் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி நடுக. சுவரிலிருந்து தக்க தொலைவு விடுக; மரம் அகன்று படரும். நீர் தேங்கினால் வேர் அழுகும், அடிமரத்தில் பிசின் வடியும். எனவே தண்டைச் சுற்றி மண் அணைத்து, அதற்கப்பால் வட்டப்பாத்தி அமைத்து நீர் பாய்ச்சுவதே முறை.

இங்கே நெசவாளர்க்கு மட்டும் ஒரு வார்த்தை. பருத்தி நூலுக்குச் சாயமேற்றும் தொட்டியில் உப்பு ஏராளமாகச் சேர்கிறது. எலுமிச்சை இனத்து மரங்களோ உப்பைப் பொறுக்காதவை. இலை நுனி கருகி, உதிர்ந்து, மரம் படிப்படியாக நலியும். சாயக் கழிவுநீர் எவ்வழியிலும் இம்மரத்தின் பாத்தியை அடையலாகாது. வாய்க்காலைத் திருப்ப இயலாத வீட்டில் இம்மரத்தை வைக்காதிருப்பதே நன்று.

நிற்க. மலரைப் பற்றிக் கூறுவோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வளர்ந்த மரத்தைச் சிறிது காலம் காயவிட்டு, பிறகு நன்றாக நீர் பாய்ச்சினால் துளிரும் பூவும் சேர்ந்து வெடிக்கும். தடித்த வெள்ளை இதழ்கள். அந்தி வேளையில் மணம் தெருவரை செல்லும். இளங்கன்றை இவ்வாறு வாட்டலாகாது. பூத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். அது இயற்கை, அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் ஆண்டுதோறும் வெள்ளை வெளேரெனப் பூத்தும் ஒரு காயும் நில்லாத மரங்கள் உண்டு. மலட்டு மரம் என்று வெட்டிவிடுகின்றனர். பம்பளிமாஸ் வகைகள் பலவற்றுக்குத் தன் மகரந்தம் தன் சூலுக்கு ஒவ்வாது. குறை மரத்தில் இல்லை, துணையின்மையில் இருக்கிறது. அண்டை வீட்டில் ஒரு சாத்துக்குடி மரம் அதே வேளையில் பூத்தாலும் போதும். தேனீ வேலி தாண்டிக் கடன் கொண்டுவந்து தரும், அதற்கு வட்டியும் இல்லை! துணை மரத்தின் புதுப்பூ ஒன்றைக் கொய்து, அதன் மகரந்தத்தை இதன் சூல்முடியில் நாமே தடவுவதும் பயன் தரும். பூக்காலத்தில் பூச்சிமருந்து தெளித்துத் தேனீயைக் கொல்லாதீர்.

சங்கத்தின் வாயிலாக மொத்தமாகக் கன்று வாங்குவோர் இதனைச் சிறப்பாக எண்ண வேண்டும். ஒரே தாய்மரத்துப் பதியன்கள் யாவும் ஒரே மரமே. ஐம்பது வீட்டில் நட்டாலும் ஒன்றுக்கொன்று துணையாகா. இரண்டு மூன்று வகைகளைக் கலந்தோ, சில வீடுகளுக்குச் சாத்துக்குடியைச் சேர்த்தோ வாங்குவதே விவேகம்.

பறவை எச்சம் போன்று இலைமேல் ஒட்டியிருக்கும் புழு வண்ணத்துப்பூச்சியினுடையது, கையால் பொறுக்கிவிடலாம். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலைகள் சிறுத்தால் துத்தநாகக் குறை எனக் கொள்க. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டைச் சிறிது சுண்ணாம்பு நீருடன் கலந்து புதுத்துளிரில் தெளிக்கலாம்.

கனி கிடைத்தபின் ஓர் எச்சரிக்கை. கிரேப் புரூட் சாறு சில மருந்துகள் குடலில் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை மிகுவிக்கிறது என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர் 1991-இல் வெளியிட்டனர். அதே பொருள்கள் பம்பளிமாஸிலும் உள்ளன. இரத்த அழுத்தத்திற்கும் கொழுப்பிற்கும் உரிய மாத்திரைகளுட் சில இவ்வகையின. மாத்திரையைக் காலையிலும் கனியை மாலையிலும் உண்டால் தீங்கில்லை என்று கருதற்க. கனியின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கக்கூடும். வீட்டில் மாத்திரை உண்ணும் முதியோர் இருப்பின், முதற்கனியை அறுக்குமுன் மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்க.