வழங்கியில் தமிழ்: ஓர் எழுத்து கடக்கும் மூன்று வாயில்கள்

தமிழில் இணையத்தளம் அமைப்பது என்றதும் நம்மில் பலருக்கு எழுத்துருவும் விசைப்பலகையுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்காக நம் மண்ணின் முன்னோடிகள் நிறையவே உழைத்திருக்கிறார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர். பின்னர் வந்த யூனிகோடு எழுத்துருச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. ஆனால், எழுத்து திரையில் தெரிவது வேறு. வழங்கியில், அதாவது சர்வரில், பிழையின்றித் தங்குவது வேறு. வழங்கிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பதால், "தமிழ் ஏன் கேள்விக்குறியாக மாறிவிட்டது?" என்ற கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். அதற்கான விடை பெரும்பாலும் நிறுவும் நாளிலேயே இருக்கிறது.

எட்டு எழுத்தா, நாற்பத்திரண்டா?

"திருநாவுக்கரசு" என்ற பெயரில் நம் கணக்குக்கு 8 எழுத்துகள். யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அதுவே 14 ஆகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். ஆக மொத்தம் 42 பைட். 8, 14, 42 என்னும் இம்மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள். பின்னர் உதவும்.

மூன்று வாயில்கள்

முதல் வாயில் தரவுத்தளம். மைஎஸ்க்யூஎல் மென்பொருளில் 5.7 பதிப்பு வரை இயல்நிலைக் குறியாக்கம் லத்தீன்-1. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது யூடிஎஃப்8எம்பி4 ஆயிற்று. பெயரில் வெறும் "யூடிஎஃப்8" என்றிருக்கும் பழைய வகை 3 பைட் வரை மட்டுமே ஏற்கும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால், முந்திரி, காணி, மாகாணி போன்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தபோது 4 பைட் பகுதியில்தான் இடம்பெற்றன. ஆகவே எம்பி4 வகையையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் வாயில் இணைப்பு. நிரலும் தரவுத்தளமும் எந்தக் குறியாக்கத்தில் பேசிக்கொள்கின்றன என்பதைத் தனியாக அறிவிக்க வேண்டும். அட்டவணை சரியாக இருந்தாலும் இணைப்பு வேறாக இருந்தால் பயனில்லை.

மூன்றாம் வாயில் இணைய வழங்கி. அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ பக்கத்தை அனுப்பும்போது, அதன் தலைப்புச் செய்தியில் குறியாக்கத்தையும் சொல்லி அனுப்பலாம். பக்கத்துக்குள் நாம் எழுதிய அறிவிப்பைவிட உலாவி அந்தத் தலைப்பையே நம்பும். எனவே உள்ளமைவுக் கோப்பிலும் யூடிஎஃப்-8 என்றே இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் பிழை

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு வாயில்களும் ஒன்றுபோலத் தவறாக இருந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 42 பைட்டையும் 42 லத்தீன் எழுத்துகளாக எண்ணி வாங்கி வைத்து, கேட்கும்போது அப்படியே திருப்பித் தந்துவிடும். வழங்கியைப் புதுப்பிக்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும். ஓர் அமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் புதிய வழங்கிக்கு மாற்றியபோது இதை நேரில் கண்டேன். பல ஆண்டுகளாகச் சரியாகத் தெரிந்த பெயர்கள் எல்லாம் தலைக்கோடு இட்ட லத்தீன் எழுத்தும் வணிகப்பதிவுக் குறியும் மாறி மாறி வரும் குப்பையாகிவிட்டன. அ என்னும் எழுத்தின் 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளும் மூன்று தனி எழுத்துகளாகப் படிக்கப்பட்டதன் விளைவு அது.

அந்தப் பெயர்களை மீட்க முடிந்தது. பத்தியை முதலில் வெறும் பைட் வகைக்கு மாற்றி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினோம். நேரடியாக மாற்றியிருந்தால் குப்பை இரட்டிப்பாகியிருக்கும். ஆனால், கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட எழுத்தை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. அங்கே மூல பைட்டுகளே இல்லை. குப்பை என்பது நோய். கேள்விக்குறி என்பது மரணம்.

ஐந்து நிமிடச் சோதனை

நிறுவி முடித்ததும் திருநாவுக்கரசைப் பதிந்து, எழுத்து எண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் தரவுத்தளத்திடமே கேளுங்கள். 14, 42 என்று வந்தால் நலம். எழுத்து எண்ணிக்கையே 42 என்றால் மறைந்திருக்கும் பிழை உண்டு. இரண்டும் 14 என்றால் பெயர் கேள்விக்குறிகளாகிவிட்டது, உடனே நிறுத்திவிடுங்கள்.

நம் அமைப்பின் பழைய ஆண்டிதழ்களைத் தரவுத்தளத்தில் ஏற்றும் எண்ணம் கொண்ட தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் கட்டுரையை ஏற்றுமுன் இச்சோதனையைச் செய்யுங்கள். எதையும் மாற்றுமுன் காப்புநகல் எடுங்கள். அந்நகலை வேறொரு கணினியில் திறந்து, தமிழ் தமிழாகவே தெரிகிறதா என்று படித்துப் பாருங்கள்.